கட்டி முடித்தவனின் கடன்

ஆங்கிள் இரும்பை இருபதடி நீளத்துக்கு வெட்டி அடுக்கிவிட்டு, வெல்டர் குந்தி உட்கார்ந்து மூலைகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தகரக் கூரைப் பட்டறை. காலை பத்து மணிக்கெல்லாம் கீழே கிடக்கும் இரும்பைத் தொட்டால் கை பொசுங்கும். அவருடைய முன்கை இரண்டிலும் பொறி பட்ட தழும்புகள், கடுகை அள்ளி வீசியது போலக் கறுப்புக் கறுப்பாய் இருந்தன.

கான்ட்ராக்டர் காரை வாசலில் நிறுத்தினார். உள்ளே வராமல் நிழலிலேயே நின்று சத்தம் கொடுத்தார்.

"சட்டம் சாயங்காலத்துக்குள்ள முடியணும்பா. பேனர் துணி இழுத்துக் கட்ட நாளைக்கு ஆள் வராங்க."

"முடிஞ்சிடும் முதலாளி. எதுக்கு இவ்வளவு பெரிசு? வீட்டுல கல்யாணமா?"

"கல்யாணத்தை விடப் பெரிய விசேஷம். படிக்க வாங்கின கடனை எல்லாம் தள்ளுபடி பண்ணிட்டாங்கல்ல? சனிக்கிழமை அமைச்சர் வரார். நன்றி சொல்லிக் கூட்டம். மேடை, வளைவு எல்லாம் நம்ம செலவு."

ஓரத்தில் துளை போட்டுக்கொண்டிருந்த ஃபிட்டர் மெஷினை நிறுத்தினான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "நம்ம செலவா? அப்ப வரவு பெரிசா இருக்கும் போலிருக்கே முதலாளி."

கான்ட்ராக்டர் கோபப்படவில்லை. சந்தோஷத்தில் இருந்தார். "பையன் பேர்ல இருந்தது மொத்தமும் போச்சுடா. நாலு வருஷப் படிப்பு. ஒரு பைசா கட்டலை. பொறுத்தார் பூமியாள்வார்னு சும்மாவா சொன்னாங்க?"

அவர் பையனின் படிப்புக்குக் கையில் பணம் இல்லாமல் கடன் வாங்கவில்லை. கையில் இருந்த பணத்தை ஒரு கான்கிரீட் லாரியில் போட்டுவிட்டு, வட்டி குறைவு என்று படிப்புக்குக் கடன் வாங்கினார். லாரி ஓடிச் சம்பாதித்தது. கடன் ஓரமாய்க் கிடந்தது. இது ஊரறிந்த ரகசியம்.

வெல்டர் முகக் கவசத்தை இறக்கிக்கொண்டார். கவசத்துக்குப் பின்னால் ஒருவன் முகம் எப்படிப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த வேலையில் இருக்கிற ஒரே வசதி அதுதான்.

அவருடைய மகளும் வங்கிக் கடனில்தான் நர்ஸுக்குப் படித்தாள். படித்து முடித்து ஒரு வருடம் சின்னச் சின்ன கிளினிக்குகளில் பாதிச் சம்பளத்துக்கு ஓடினாள். மூன்று தவணை நின்றது. வசூலுக்கு வங்கி வைத்திருந்த ஆட்கள் இரண்டு பேர், இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அட்டையுமாக, நேரே பட்டறைக்கு வந்தார்கள். பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில், "பொண்ணைப் படிக்க வைக்கத் தெரியுது, கடனைக் கட்டத் தெரியலையா?" என்று கத்தினார்கள். அடுத்த மாதம் அவள் படத்தை வங்கி வாசலில் ஒட்டுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வெல்டருக்குச் சொத்து என்று இருந்தது பெயர் ஒன்றுதான். வீட்டுக்காரர் வாடகைக்கு ஒரு வாரம் பொறுப்பதும், மளிகைக் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுப்பதும் அந்தப் பெயரை நம்பித்தான். அது சுவரில் தொங்கினால் அடுப்பு எரியாது. ஆகவே அவர், அவரைப் போன்றவர்கள் மட்டுமே செய்கிற ஒரு தப்பைச் செய்தார். மானத்துக்குப் பயந்து, குறைந்த வட்டிக் கடனைக் கந்துவட்டியில் வாங்கி அடைத்தார்.

பணம் கொடுத்தவருக்கு 'ரப்பர்பேண்டு' என்று பட்டப்பெயர். மணிக்கட்டில் எப்போதும் நாலைந்து ரப்பர்பேண்டு கிடக்கும். அவர் நகையை அடகு பிடிப்பதில்லை. ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைத்தான் பிடிப்பார். "நகை வெச்சவன் மூழ்கினா மூழ்கட்டும்னு விட்டுடுவான். மூணு வருஷம் முட்டி தேயப் படிச்சதை எவன் விடுவான்?" என்பது அவர் தத்துவம். வெல்டர் மகளுடையதையும் சேர்த்து, மார்க் ஷீட்டுகளைச் சுருட்டி, ரப்பர்பேண்டு போட்டு, இரும்பு பீரோவில் அடுக்கியிருந்தார். ஓர் ஆஸ்பத்திரியும் ஒரு பள்ளிக்கூடமும் நடத்தத் தேவையான படிப்பு அந்த பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது.

வங்கிக் கணக்கை ஒரே மூச்சில் முடித்த அன்று, 'பாக்கி இல்லை' என்று மேலாளர் கொடுத்த கடிதத்தை வெல்டர் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் நடந்த நடையே வேறு. நாற்பத்து மூன்றாம் நாள் தள்ளுபடி அறிவிப்பு வந்தது.

கான்ட்ராக்டர் சட்டம் அடிக்கச் சொன்ன மறுநாள், வெல்டர் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வங்கிக்குப் போனார்.

"உங்க கணக்கு முடிஞ்சுபோச்சுங்களே" என்றார் மேலாளர். "அறிவிச்ச தேதியில நிலுவையில இருந்த கடனுக்குத்தான் தள்ளுபடி."

"ஒன்றரை மாசம்தான் சார் ஆச்சு நான் கட்டி."

"ஒன்றரை நாளா இருந்தாலும் அதேதாங்க."

"உங்க ஆளுங்க வந்து கத்தாம இருந்தா நான் கட்டியிருக்கவே மாட்டேனே சார்."

"அது அவங்க வேலை. என்ன பண்றது?"

"கான்ட்ராக்டர் வீட்டுக்கும் போய்க் கத்தினாங்களா?"

மேலாளர் மேசைக் கண்ணாடியின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தார். "அவர் பெரிய வாடிக்கையாளர். அவர் டெபாசிட் எல்லாம் இங்கதான் இருக்கு. அவர் விஷயம் வேற."

"அந்தக் கடனெல்லாம் இப்ப யார் கட்டறா சார்?"

"அரசாங்கம் எங்களுக்குக் கொடுத்துடும். வரவே வராதுன்னு நினைச்சது முழுசா வந்துடுது." யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஆனா நீங்க ரொம்ப நாணயமான மனுஷன். எல்லாரும் உங்களை மாதிரி இருந்துட்டா..."

"இருந்துட்டா உங்களுக்கு வசதிதான்" என்று வெல்டர் எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மகள் ஒரு கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. நிரந்தர வேலை, முழுச் சம்பளம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அசல் சான்றிதழ்களுடன் வர வேண்டும். நகல் ஏற்கப்படாது. வராவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

அவள் அம்மா துணி ஃபேக்டரியில் நூல் வெட்டுகிறவள். நாள் முழுக்க நின்றபடி சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டி வெட்டி, அவளுடைய வலது கட்டைவிரல் வளைந்துபோயிருந்தது. "ரப்பர்பேண்டு கிட்டப் போய்க் கேட்டுட்டுத்தான் வரேன்" என்றாள். "'பணத்தை வை, பேப்பரை எடு'ங்கறான். வேலையில சேர்ந்ததும் கட்டிடறோம்னேன். 'எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்க, வேற புதுசா ஏதாவது சொல்லு'ன்னு சிரிக்கறான்."

அன்று வியாழக்கிழமை. மறுநாள் பட்டறையில் கான்ட்ராக்டர் வெல்டரைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த முறை நிழலில் நிற்கவில்லை. வெயிலுக்கே வந்து தோளில் கை போட்டார். முதலாளி தோளில் கை போட்டால் பாரம் ஏறப்போகிறது என்று கூலிக்காரனுக்குத் தெரியும்.

"உன் பொண்ணு விஷயம் கேள்விப்பட்டேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இப்ப எனக்கும் ஒரு சிக்கல். நம்ம பகுதி லிஸ்ட்டுல அறுபத்தெட்டுப் பேர். என் பையன் இருக்கான், ஓட்டல்காரர் பொண்ணு இருக்கா, ஐஸ் ஃபேக்டரி மருமகன் இருக்கான். எல்லாம் கார்ல வந்து இறங்கற ஜாதி. மேடைக்கு ஒரு ஏழை முகம் வேணும்னு மேலிடத்துல பிடுங்கி எடுக்கறாங்க."

"லிஸ்ட்டுல ஏழைங்க ஒருத்தருமே இல்லையா முதலாளி?"

"ஏன் இல்ல? மூணு பேர் இருக்காங்க. ரெண்டு பேர் வேலை தேடிப் போனவனுங்க, எங்க இருக்கானுங்கன்னே தெரியல. ஒரு பொண்ணு, கடன் இருந்ததையே புகுந்த வீட்டுல சொல்லலையாம். மேடைன்னதும் போனை அணைச்சுட்டா."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"உன் பொண்ணு வந்து நாலு வரி பேசட்டும். கடன் தள்ளுபடியாச்சு, வேலை கிடைச்சுது, நன்றி. அவ்வளவுதான். ரப்பர்பேண்டு கிட்ட நான் ஜாமீன் நிக்கறேன். ஞாயித்துக்கிழமை பேப்பர் உன் கையில."

"எங்களுக்குத் தள்ளுபடி ஆகலையே."

"மைக்குக்கு அது தெரியுமா?" என்று கான்ட்ராக்டர் சிரித்தார்.

சாயங்காலம் வெல்டர் இதை வீட்டில் சொன்னார்.

"பொய்தானேப்பா அது?" என்றாள் மகள்.

பதில் சொன்னது அம்மா. "பொய்தான். பொய் சொன்னா ஆஸ்பத்திரி வேலை. உண்மை சொன்னா நூல் வெட்டற வேலை. என் பக்கத்துல ஒரு இடம் காலியாத்தான் இருக்கு, வரியா?"

"அம்மா..."

"ஆகாததை ஆச்சுன்னு சொல்ல மேடை போட்டுக் கூப்பிடறாங்க. ஆகலைன்னு சொல்றதுக்கு ஒரு மர ஸ்டூலாவது போடுவாங்களாடி?"

வெல்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒருநாள் கூத்துதானேம்மா. அதோட முடிஞ்சுடும்" என்றார். அந்தக் குடும்பம் சொன்ன பொய்களில் பெரியது மறுநாள் மேடையில் சொன்னதல்ல. இதுதான்.

சனிக்கிழமை மகள் கிளினிக்குக்குப் போட்டுப்போகும் பழைய வெள்ளைச் சீருடையிலேயே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா அடித்த சட்டத்தில் இழுத்துக் கட்டிய அமைச்சரின் முகத்துக்குக் கீழே, அப்பா பற்றவைத்த படிகளில் ஏறி அவள் மேடைக்குப் போனாள். அமைச்சர் ஒரு பட்டுத்துணி உறையைக் கொடுத்தார். உள்ளே வெற்றுத் தாள் இருந்தது. முன்வரிசையில் கான்ட்ராக்டரின் பையன் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலு வரியையும் அவள் தடுமாறாமல் சொன்னாள். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு "வலிக்காது" என்று நோயாளியிடம் சொல்லிப் பழகிய குரல் அது. ஜனங்கள் கை தட்டினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஃபிட்டர் மட்டும் தட்டவில்லை. திரும்பி வெல்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சான்றிதழ்கள் வந்தன. திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்ந்தாள். கடன் அப்படியேதான் இருந்தது. வாரக் கூலியில் பாதியைக் கான்ட்ராக்டரே பிடித்து ரப்பர்பேண்டுக்குக் கொடுத்தார். வேறொரு பட்டறையில் கூலி அதிகம் தருவதாகக் கூப்பிட்டார்கள். ஜாமீன் நின்றவரை விட்டுப் போக முடியவில்லை. ஆக, அந்தத் தள்ளுபடியில் கான்ட்ராக்டருக்கு லாரியும் கிடைத்தது, கையை விட்டுப் போகாத ஒரு வெல்டரும் கிடைத்தார்.

அதன் பிறகு ஃபிட்டர் வெல்டரோடு சாப்பிட உட்காருவதில்லை. அவனுடைய மகனும் படிக்கக் கடன் வாங்கியவன். அந்தக் கடனை அடைக்க ஃபிட்டர் வீட்டு மனையில் பின்பாதியை விற்றிருந்தான். அவனுக்கும் தள்ளுபடி இல்லை. ஒருநாள் மட்டும் போகிற போக்கில், "கட்டி முடிச்ச கடனுக்குத் தள்ளுபடி வாங்கின ஆளு. முதலாளி வீட்டுப் பின்வாசல் எவ்வளவு அகலம்ணே?" என்றான். வெல்டர் கவசத்தை இறக்கிக்கொண்டார்.

நாலு மாதம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஃபிட்டர் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்து வெல்டர் தட்டுக்கு முன்னால் போட்டான். அரசாங்கம் அச்சடித்தது. அட்டையில் வெள்ளைச் சீருடையில் மகள். கீழே கொட்டை எழுத்தில், 'கடனிலிருந்து கரையேறிய வெல்டர் மகள்'.

"காலையில முப்பத்தொரு குடும்பம் கலெக்டர் ஆபீஸுக்குப் போனோம்ணே" என்றான். குரலில் கேலி இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "நிலத்தை வித்து, வட்டிக்கு வாங்கி, வயித்தைக் கட்டி அடைச்சவங்க எல்லாம் சேர்ந்து, எங்களுக்கும் ஏதாவது பார்த்துச் செய்யுங்கன்னு மனு. அதிகாரி கெட்டவர் இல்ல. உக்கார வெச்சுப் பேசினார். பேசிட்டு இதை எடுத்துக் காட்டினார். 'கடனை முடிச்சவங்களுக்கும் உதவி போயிருக்கே, இந்தப் பொண்ணு கணக்கு முன்னாடியே முடிஞ்சதுதானே, அப்புறம் எதுக்குக் கூட்டம் சேர்த்துட்டு வரீங்க'ங்கறார். நாங்க என்ன சொல்றது? உங்க பொண்ணு பொய் சொல்றான்னு சொல்றதா? அந்தப் பொண்ணு என்னை மாமான்னு கூப்பிடுது."

வெல்டர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"எனக்கு ஒரு பைசா தள்ளுபடி ஆகலைடா" என்றார்.

பட்டறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்றவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். ரப்பர்பேண்டு, நாலு வரி, ஜாமீன், வாராவாரம் போகிற பாதிக் கூலி. சொல்லி முடித்தபோது ஃபிட்டர் எதிரே உட்கார்ந்திருந்தான்.

"இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றான். "அங்க வந்து சொல்லுவீங்களா?"

அதற்கு விலை என்ன என்று இரண்டு பேருக்குமே தெரியும். வாயைத் திறந்தால் அந்த வாரமே வேலை போகும். ஜாமீனும் போகும், ரப்பர்பேண்டு மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கேட்பார். வெல்டர் எழுந்து கை கழுவப் போனார்.

வீட்டில் மகளிடம் புத்தகத்தைக் காட்டினார். அவள் அட்டையைப் பார்த்துவிட்டு, உள்ளே புரட்டாமல் கீழே வைத்தாள்.

"வார்டுல போன வாரம் ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்கப்பா" என்றாள். "அவங்க பையன் கடனையும் முன்னாடியே அடைச்சுட்டாங்களாம். 'நீ எப்படிம்மா தள்ளுபடி வாங்கின, யாரைப் பார்க்கணும், எனக்கும் சொல்லு'ன்னு கேட்டாங்க. மூச்சு வாங்குது அவங்களுக்கு. நான் மருந்து எடுத்துட்டு வரேன்னு சொல்லிட்டு ஓடி வந்துட்டேன்."

அம்மா பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினாள். "அன்னிக்கு மேடைக்குப் போகச் சொன்னது நான்தான். இப்ப நானே சொல்றேன், ரெண்டு பேரும் அந்த ஆபீஸுக்குப் போய் உண்மையைச் சொல்லுங்க. என்ன, ரெண்டு மாசம் பாதி வயிறு. நமக்கு என்ன புதுசா?"

மறுநாள் ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்துவிட்டு மகள் நேராக அலுவலகத்துக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. வெல்டர், ஃபிட்டர், பின்னால் முப்பது பேர். அதிகாரி புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அந்தப் படத்துல இருக்கறது நான்தான் சார்" என்றாள். "எனக்குத் தள்ளுபடி ஆகலை. அன்னிக்குக் கொடுத்த உறைக்குள்ள வெத்துத் தாள்தான் இருந்துது."

"மைக்ல ஆச்சுன்னு சொன்னீங்களே. ரெக்கார்டு இருக்கு." அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "அன்னிக்குச் சொன்னது பொய்யா, இல்ல இன்னிக்குச் சொல்றது பொய்யா? நான் எதைம்மா நம்பறது?"

மகள் தடுமாறினாள். வெல்டர் முன்னால் வந்தார்.

"அன்னிக்குச் சொன்னதுக்குக் கூலி வாங்கினோம் சார். இன்னிக்குச் சொல்றதால இருக்கற கூலியும் போகுது. எது உண்மைன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

அதிகாரி தாளையும் பேனாவையும் மேசையில் நகர்த்தி வைத்தார். "எழுதிக் கொடுங்க" என்றார். வெல்டர் எழுதினார். இரும்பில் கோடு கிழித்துப் பழகிய கை. ஒவ்வொரு எழுத்தும் தாளைக் கிழித்துவிடும் போல அழுந்தி விழுந்தது. மகளும் கையெழுத்துப் போட்டாள். மனுவின் மேல் ஒரு முத்திரை விழுந்தது. "மேலே அனுப்பறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், ரொம்ப நம்பிக்கை வெச்சுக்காதீங்க. இந்தப் புத்தகம் எல்லா ஊருக்கும் போயாச்சு."

மத்தியானத்துக்குள் கான்ட்ராக்டருக்குச் செய்தி போய்விட்டது. "நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். நேரில் சொல்ல அவருக்கு நேரமில்லை. பையனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார்.

கேட்டதும் ஃபிட்டர் பதறிப்போனான். "நான்தாண்ணே உங்களை இழுத்துவிட்டேன். மனுவும் நிக்குமோ நிக்காதோ, உங்க வேலையும் போச்சே."

"போகட்டும்" என்றார் வெல்டர். அவர் குரலில் ஆறுதல் ஒன்றும் இல்லை. "கடன் கட்ட முடியாதவனுக்காடா தள்ளுபடி? கட்டாம இருக்கறதுக்குத் தெம்பு இருந்தவனுக்குத்தான். அது அவங்க பண்ணின அநியாயம், அதை நாம கேக்கலாம். ஆனா ஒருநாள்தானேன்னு நம்ம வாயை அவங்களுக்கு வாடகைக்கு விட்டது நாம பண்ணின அநியாயம். நல்லா ஞாபகம் வெச்சுக்க. வாயை வாடகைக்கு விட்டவன், நாளைக்கு வயிறு எரிஞ்சு கத்தினாலும், அது அவனோட சொந்தக் குரல்னு ஒருத்தனும் நம்ப மாட்டான்."